மிதுனாவிடம் கொடுத்துவைத்தவை

மிதுனாவுக்கு எட்டு வயது முடிந்த சித்திரையில் அவள் தன் தாயின் கழுத்தில் இருந்த கட்டியைத் தொலைத்தாள். அதற்கு முன் அவள் தொலைத்தவை எந்தப் பிள்ளையும் தொலைக்கக்கூடியவைதான்: பதினொரு தண்ணீர் பாட்டில்கள், நான்கு செருப்புகள் (நான்கும் இடது காலுக்கு உரியவை), பள்ளி அடையாள அட்டை, ஒரு மழைக்கோட்டு, விழுந்த முன்பல் ஒன்று, சொல்லத் தொடங்கிய வாக்கியங்களின் பின்பாதிகள். இவற்றில் பல்லையும் பின்பாதிகளையும் தவிர மற்றவை இரண்டொரு நாளில் சாக்கடை ஓரத்திலோ அடுத்த வீட்டு மாடியிலோ அகப்பட்டுவிடும். கட்டி அகப்படவில்லை.

நடந்தது இதுதான். கோவில்பட்டி வடக்குக் காலனியில், வீட்டு வசதி வாரியம் கட்டிய எண்பத்து நான்கு வீடுகளில் முப்பத்தொன்றாம் எண் வீட்டில் குடியிருந்த சண்முகவடிவு, ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ரத்தம் கொடுக்க உள்ளே போகும்போது, கழுத்துக் கட்டியின் படங்களும் அறிக்கையும் இருந்த பெரிய பழுப்பு உறையை மகளிடம் நீட்டி, "இதப் பத்திரமா வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது மகள் ஏ.சி. குழாயின் மேல் கூடு கட்டியிருந்த அணிலைப் பார்த்தபடி வெறுங்கையோடு நின்றாள். வடிவு அவளை அங்கே இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் முதுகில் இரண்டு அடி அடித்தாள். பிறகு நகல் கேட்கப் போனால் கணினியில் அப்படி ஒரு பெயரே இல்லை, படம் எடுத்தவருக்கு எடுத்த ஞாபகமும் இல்லை, மறுபடி படுக்கவைத்துப் பார்த்தபோது கழுத்தில் கட்டியும் இல்லை. உறை போன வழியிலேயே, அது எதைப் பற்றிய உறையோ அதுவும் போய்விட்டிருந்தது. அடித்தது மட்டும் மிச்சம் இருந்தது.

வடிவு இதை எதிர்வீட்டுக் கோமதி ஒருத்தியிடம்தான் சொன்னாள். மறுநாள் காலையில் குடிநீர் வருவதற்குள் எண்பத்து நான்கு வீடுகளுக்கும் தெரிந்திருந்தது. யாரும் வியக்கவில்லை. அந்த வாரம் குடிநீர் அடுத்தடுத்து இரண்டு நாள் வந்திருந்தது, காலனியின் வியப்பெல்லாம் அதற்கே செலவாகியிருந்தது. முதலில் வந்தவள் கோமதிதான். மகன் மூன்று பாடத்தில் தோற்ற மதிப்பெண் பட்டியலை மிதுனாவின் கையில் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி, கையில் ஒரு கடலைமிட்டாயும் வைத்துவிட்டுப் போனாள், பட்டியல் மதியத்துக்குள் போயிற்று, மாலையில் கல்லூரியிலிருந்து பையன் மூன்றிலும் தேறியதாகச் செய்தி வந்தது. அதன் பிறகு ஏட்டு இசக்கிமுத்து தன் மேல் வந்த புகார் மனுவைக் கொண்டுவந்தார். பதினேழாம் எண் வீட்டார் செவ்வாய் தோஷம் உள்ள மகளின் ஜாதகத்தைக் கொண்டுவந்தார்கள், தோஷம் போய்க் கல்யாணமும் கூடியது. ஆனால் புதிதாகக் கணித்த ஜாதகத்தில் செவ்வாய் எந்தக் கட்டத்திலும் இல்லை என்பதை ஜோசியர் அச்சுப் பிழை என்று சொல்லிவிட்டார், மாப்பிள்ளை வீட்டாரும் ஒரு கிரகம் குறைவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு விளக்கம் தேவை, ஏனென்றால் பிற்பாடு காலனிக்கு வெளியே இந்தக் கதையைச் சொன்னவர்கள் இதில்தான் தவறு செய்தார்கள். மிதுனாவிடம் கொடுப்பது எல்லாம் தொலையாது. அவளுடைய பென்சிலை அவளே தொலைத்தால் அது சாதாரணத் தொலைதல், தேடினால் கிடைக்கும். பெரியவர் ஒருவர் அவள் முகத்தைப் பார்த்து, பத்திரமாக வைத்துக்கொள் என்றோ பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றோ சொல்லி ஒப்படைத்தால்தான் அது வேரோடு போகும். தெரியாமல் சொன்னாலும் போகும், தெரிந்தே சொன்னாலும் போகும். காலனி தெரிந்தே சொல்லக் கற்றுக்கொண்டது. சொல்லும்போது சிரிக்காமல் இருக்கவும் கற்றுக்கொண்டது, ஏனென்றால் சிரித்தால் பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிடும், சந்தேகம் வந்தால் பொருளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள், தொலைய அரைமணி நேரம் கூடுதலாகும்.

ஆம், அவள் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். இதைக் காலனி தன் வரலாற்றில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளை இந்தத் தடவை தொலைக்கக் கூடாது என்று முடிவு செய்து, காகிதத்தைச் சட்டைக்குள் வைத்து, சட்டையின் மேல் கையை வைத்து, கையின் மேல் மற்றொரு கையை வைத்து உட்கார்ந்திருப்பாள்; எங்கேயோ ஒரு குக்கர் விசிலடிக்கும், ஒரு தும்பி வரும், மூன்றாவது வீட்டில் யாரோ சிரிப்பார்கள், அவள் திரும்புவாள், திரும்பியதும் சட்டைக்குள் ஒன்றும் இருக்காது. பிறகு மாலை முழுவதும் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு சாக்கடையைக் கிளறித் தேடுவாள். தேடுகிறவளைக் கடந்துபோகிறவர்கள், கொடுத்தவர்களே கூட, "என்ன தாயி, இன்னைக்கு என்னத்தத் தொலைச்ச?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் ஓட்டைப்பை.

ஆவணியில் இருபத்தாறாம் எண் வீட்டு மருமகள், நான்கு வருடமாகப் படுத்திருந்த மாமனாரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, வடிவு கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, "தாத்தாவக் கொஞ்சம் பத்திரமாப் பாத்துக்கோ கண்ணு, அரை மணியில வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்ன சொல் தவறாமல் அரை மணியில் வந்தாள். நாற்காலியில் ஒரு துண்டு மட்டும் கிடந்தது. காலனி இதற்கும் அதிர்ச்சி அடையவில்லை, அதற்கு வந்தது சந்தேகம்தான், அதுவும் பதினாறாம் நாள் காரியம் செய்யலாமா என்பதில். இறந்தவருக்குத்தான் காரியம், தொலைந்தவருக்கு ஏது என்று ஒரு கட்சியும், சாப்பாடு போட்டுவிட்டால் இரண்டுக்கும் பொதுவாகிவிடும் என்று ஒரு கட்சியும் வாதாடி, இரண்டாவது கட்சி வென்றது. குடியிருப்போர் நலச் சங்கம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடி, உயிருள்ளவற்றைச் சங்கத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் மேற்படி சிறுமியிடம் ஒப்படைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்தை எழுதியவர் சங்கச் செயலர் சிதம்பரநாதன், தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர், முத்து முத்தான கையெழுத்துக்காரர். தடை என்ற சொல்லை முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டு அனுமதி என்று திருத்தியவரும் அவர்தான்.

மிதுனா அந்தத் தாத்தாவை ஒன்பது நாள் தேடினாள். கட்டிலுக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குள், மண்ணெண்ணெய் டின்னுக்குள்கூடத் தேடினாள். பத்தாம் நாள் தாயிடம் வந்து, "நான் கெட்ட பிள்ளையாம்மா?" என்று கேட்டாள். வடிவு அடுப்பை அணைத்துவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

உண்மையில் இதற்கு ஒரு வழியை மூன்றாம் வகுப்பு ஹெப்சிபா டீச்சர் சித்திரைக்கு முன்பே சொல்லியிருந்தார். பிள்ளை நல்ல அறிவுள்ளவள், ஆனால் இடத்தில் இருக்கமாட்டேன் என்கிறாள், கேட்ட கேள்விக்குப் பதில் பாதியில் நிற்கிறது, ஏ.டி.எச்.டி.யாக இருக்கலாம், திருநெல்வேலியில் குழந்தைகள் மனநல டாக்டர் இருக்கிறார், ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். தமிழில் இதைக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்கிறார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அது உள்ள பிள்ளை எழுந்து போயிருக்கும் என்பதால், பெயர் வைத்தவர் அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வடிவுக்கு அந்தப் பெயர் மனதில் நிற்கவில்லை. ஆனால் ஒரு பெயர் இருக்கிறது என்பது நின்றது.

நூற்பாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருந்த அவள் கணவன் கனகராஜுக்கு இதில் உடன்பாடு இல்லை. இப்போது லீவு கிடையாது, முழுப்பரீட்சை முடியட்டும், ஆடி போகட்டும், மழை நிற்கட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தவன், எல்லாம் முடிந்து, போய், நின்ற பிறகு, உள்ளே இருந்த பயத்தை வெளியே எடுத்தான். ஒரு தடவை எழுத்தில் ஏறிவிட்டால் பிள்ளையின் கல்யாணம் வரைக்கும் அது கூடவே வரும் என்றான். அதைவிட இன்னொன்று இருக்கிறது என்றான்.

"குறை இருக்குன்னு சொன்னா ஒரு மருந்து குடுப்பான். ஒரு குறையும் இல்லன்னு எழுதிட்டாம்னா? அப்ப அவ வேணும்னே செய்யிறான்னுல ஆயிரும்."

"இவ கெட்டவ இல்லன்னு ஒருத்தர் எழுதிக் குடுக்கணும்" என்றாள் வடிவு. "நான் சொன்னா நம்ப மாட்டேங்கா. நான் அடிச்சவல்லா."

டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது என்று தெரிந்ததும் காலனி முப்பத்தொன்றாம் எண் வீட்டுக்கு வரத் தொடங்கியது. யாரும் மிரட்டவில்லை, அது அவர்கள் வழக்கமில்லை. பிள்ளை துறுதுறுவென்று இருப்பதெல்லாம் ஒரு நோயா என்றார்கள், அந்த மாத்திரையைத் தின்றால் பிள்ளை பொம்மை மாதிரி உட்கார்ந்துவிடுமாமே என்றார்கள், நம் காலத்தில் யாரைக் காட்டினோம் என்றார்கள், வரும்போது முறுக்கும் கொண்டுவந்தார்கள், போகும்போது ஒரு காகிதத்தை மிதுனாவின் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். கோமதி மட்டும் உள்ளதைச் சொன்னாள்.

"உன் கழுத்து சரியாப்போச்சு மதினி, நீ பேசுவ. எங்களுக்கும் ஆளுக்கொண்ணு இருக்குல்லா."

வடிவுக்கு இதற்குப் பதில் இல்லை. ஆகவே அவள் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. பதில் இல்லாதவர்கள் சில சமயம் அப்படித்தான் உறுதியாக இருக்கிறார்கள்.

மருத்துவமனையிலிருந்து இரண்டு படிவங்கள் வந்தன, ஒன்று பெற்றோருக்கு, ஒன்று ஆசிரியருக்கு. ஒவ்வொன்றிலும் பதினெட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒருபோதும் இல்லை, சில நேரங்களில், அடிக்கடி, மிக அடிக்கடி என்று நான்கு கட்டங்கள். ஹெப்சிபா டீச்சர் பதினெட்டிலும் ஒருபோதும் இல்லை என்ற கட்டத்தில் அழகாக டிக் அடித்துக் கொடுத்தார். அவருக்கு ஐப்பசியில் கடலாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாறுதல் உத்தரவு வந்திருந்தது, அது எங்கே போயிற்று என்று சென்னையில் உள்ள அலுவலகத்துக்கும் தெரியவில்லை. வடிவின் முகத்தைப் பார்க்காமல், "இப்ப ரொம்ப முன்னேற்றம்மா" என்றார். வடிவு தன் படிவத்தில் பதினேழு கேள்விகளுக்கு மிக அடிக்கடி என்று டிக் அடித்துவிட்டு, பொருட்களைத் தொலைத்துவிடுகிறாரா என்ற கேள்வியை மட்டும் வெறுமையாக விட்டாள். நான்கு கட்டங்களில் எதிலும் அந்தப் பதில் கொள்ளவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை காலையில் அவர்கள் புறப்பட்டார்கள். கனகராஜுக்குக் காலை ஷிப்ட், மதியம் நேராக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். வடிவு அந்த ஆறேழு மாதத்தில் மகளிடம் ஒரு கரண்டியைக்கூடப் பத்திரம் என்று சொல்லித் தந்தவள் இல்லை; சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள் என்று சொல்லமாட்டாள், மகளின் மணிக்கட்டைத் தான் பிடித்துக்கொள்வாள், பிடி எப்போதும் தாயுடையதாகவே இருக்கும். படிவங்கள் இருந்த கோப்பையும் அவளே வைத்துக்கொண்டாள். காலனி முகப்பில் திருநெல்வேலிப் பேருந்து நின்றபோது வழியனுப்பப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். செயலர் சிதம்பரநாதனும் வந்திருந்தார், வெயிலுக்குக் குடை பிடித்தபடி, ஜன்னலோரம் வந்து நின்று, வடிவிடம் நல்லபடியாகப் போய்வரச் சொன்னார். பிறகு, பேருந்து உறுமிக்கொண்டு நகரத் தொடங்கும் நேரத்தில், ஊருக்குப் போகிற பிள்ளையிடம் எந்தப் பெரியவரும் சொல்லக்கூடியதை, சிரிக்காமல் சொன்னார்.

"அம்மாவப் பத்திரமாப் பாத்துக்கோ தாயி."

தெரிந்து சொன்னாரா, வாய்ப்பழக்கத்தில் சொன்னாரா என்பதில் காலனியில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. அவரைக் கேட்டால், வேறு என்ன சொல்லி வழியனுப்புவது என்று திருப்பிக் கேட்பார். அதுவும் நியாயமான கேள்விதான்.

வடிவு அதைக் கேட்டாள், மிதுனாவும் கேட்டாள். தாய் மகளின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மகள் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து தாயின் முகத்தையே பார்த்தாள், இமைத்தால் ஒரு கண் மாற்றி ஒரு கண்ணாக இமைத்தாள், கயத்தாறு வரும் வரைக்கும் அப்படியே பார்த்தாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு நேரம் எதையும் பார்த்ததில்லை.

"என்னையவே பாரு" என்றாள் வடிவு. "வேற எதையும் பாக்காத."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் மிதுனா.

கயத்தாறு தாண்டியதும் மொபெட்டில் ஒரு குடவியாபாரி வந்தான். முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாகச் சிவப்பும் மஞ்சளும் நீலமும் பச்சையுமாக அறுபது பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு, ஆளே தெரியாமல், குடங்கள் தாமாகவே ஊருக்குப் போவது போலப் போனான். மிதுனா பதினான்கு வரைக்கும் எண்ணினாள். திரும்பியபோது இருக்கையில் கோப்பு இருந்தது. அவள் மணிக்கட்டில் நான்கு விரலின் தடம் சிவப்பாக இருந்து, திருநெல்வேலி வருவதற்குள் மெல்ல மறைந்தது.

கோப்பின் மேல் எழுதியிருந்த முகவரியைப் பார்த்து நடத்துநர் அவளை மருத்துவமனை வாசலில் விட்டுவிட்டுப் போனார். வரவேற்பில் இருந்த பெண், அம்மா எங்கே என்று கேட்டதற்கு அவள், "தொலைச்சிட்டேன்" என்றாள். வழக்கமாக அம்மாமார்கள்தானே பிள்ளைகளைத் தொலைப்பார்கள் என்று சொல்லிச் சிரித்த அந்தப் பெண், கோப்பை வாங்கி உள்ளே அனுப்பிவிட்டு, அம்மா வரும்வரை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னாள். மிதுனா உட்கார்ந்தாள். அந்தக் கூடத்தில் மீன்தொட்டி இருந்தது, மணிக்கு ஒருமுறை குருவி வந்து கூவும் கடிகாரம் இருந்தது, மற்ற பிள்ளைகள் நாற்காலிகளின் மேலேறிக் குதித்துக்கொண்டும், மீன்தொட்டியில் விரலை விட்டுக்கொண்டும், ஒருவன் செருப்பை ஒருவன் ஒளித்துக்கொண்டும் இருந்தார்கள். கடிகாரக் குருவி நான்கு முறை வந்து போயிற்று. அவள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்து, வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் நல்ல மனிதர். அன்று ஐம்பது பிள்ளைகளைப் பார்த்தவர். ஆசிரியர் படிவத்தில் பதினெட்டும் ஒருபோதும் இல்லை என்றிருப்பதைப் படித்தார், தாயின் படிவம் பதினேழில் மறுப்பதையும் படித்தார், கண்ணாடிக் கதவு வழியாக நான்கு மணி நேரமாகத் தாமே போகவரப் பார்த்ததையும் சேர்த்துக்கொண்டார். மதியம் இரண்டரை மணிக்கு ஆலை உடையோடு ஓடிவந்த கனகராஜின் கையில் ஒரு தாள் கொடுக்கப்பட்டது. குழந்தை நெடுநேரம் இடத்தை விட்டு அசையாமல், கவனம் சிதறாமல், ஒரே இலக்கைப் பார்த்தபடி அமர்ந்திருந்தாள். குறை எதுவும் தென்படவில்லை. மேற்கொண்டு பரிசோதனை தேவையில்லை என்று அதில் இருந்தது. தாய்க்குத்தான் ஓய்வு தேவைப்படலாம் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது.

திரும்பும் பேருந்தில் கனகராஜ் அந்தத் தாளை மூன்று தடவை படித்தான். பிறகு மகளைப் பார்த்தான்.

"அப்ப வேணும்னேதான் செஞ்சியாட்டி?"

மிதுனா பேருந்தின் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போலீஸ் நிலையத்தில் ஏட்டு இசக்கிமுத்து காணவில்லை என்று மனு வாங்கிக்கொண்டார், இதைத் தேட முடியாது என்பதையும் பக்குவமாகச் சொன்னார். பதினாறாம் நாள் சாப்பாடு போட்டார்கள், இம்முறை கட்சி பிரியவில்லை. பந்தியில் எல்லோரும் வடிவைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள், டாக்டரின் தாளைப் பற்றியும் பேசினார்கள். குறை ஒன்றும் இல்லை என்று எழுத்திலேயே வந்துவிட்டது, பாவம் அவள்தான் வீணாக அலைந்தாள் என்றார்கள். பதினேழாம் நாள் காலையில் கோமதி, அடுத்த பருவத்தின் மதிப்பெண் பட்டியலோடு வந்தாள்.

மிதுனா வாசல் கேட்டுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கோமதி சொல்லவேண்டியதைச் சொல்லிப் பட்டியலைக் கொடுத்தாள். மாலையில் வந்து பார்த்தபோது பட்டியல் மடியிலேயே இருந்தது. மறுநாளும் இருந்தது. மூத்திரப்பைக் கல்லின் படம் கொண்டுவந்தார்கள், வக்கீல் நோட்டீஸ் கொண்டுவந்தார்கள், ஹெப்சிபா டீச்சர் புதிதாக வந்த மாறுதல் உத்தரவோடு வந்தார், முப்பத்தெட்டாம் எண் வீட்டார் சங்க அனுமதியோடு ஒரு மாமியாரையே கொண்டுவந்து பக்கத்தில் உட்காரவைத்தார்கள். எல்லாம் மாலையில் வைத்தது வைத்தபடி இருந்தன, மாமியார் பசிக்கிறது என்றார். தும்பி வந்தது, குக்கர் விசிலடித்தது, தெருவில் அறுபது குடங்களோடு ஒருவன் போனான். அவள் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை மாதம் சங்கம் அவசரக் கூட்டம் கூட்டியது. ஓடியாடித் திரிந்த பிள்ளை இப்படி ஒரே இடத்தில் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பது இயற்கை அல்ல என்று ஒருவர் சொன்னார், ஆரம்பத்திலேயே கவனித்திருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், காட்டுவதில் என்ன வெட்கம் என்று கோமதி சொன்னாள். மேற்படி சிறுமியைத் தாமதமின்றித் தகுந்த மருத்துவரிடம் காட்டிப் பரிசோதிக்குமாறு அவள் தந்தையைக் கேட்டுக்கொள்வது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. சிதம்பரநாதன் அதை முத்து முத்தாக எழுதி, கீழே எண்பத்து மூன்று வீட்டாரின் கையெழுத்தும் வாங்கி, நாலாக மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். கனகராஜ் ஆலையிலிருந்து இன்னும் வரவில்லை. அவர் தாளை மிதுனாவின் மடியில், மற்றவற்றின் மேல் வைத்தார்.

"அப்பா வந்ததும் குடு" என்றார். "பத்திரமா வச்சுக்கோ."

ஆறு மணிக்குக் கனகராஜ் கேட்டைத் திறந்தபோது மிதுனா பாதி எழுந்தாள், வந்தது யார் என்று பார்த்ததும் உட்கார்ந்தாள், தாளை எடுத்து நீட்டினாள். அது ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது.